மலையில் வெட்டியது, மேலூரில் பாய்வது

மதுரைக்கு வடகிழக்கே மேலூர் வட்டாரத்தில் நாற்று நனைவது மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து வந்த தண்ணீரில். அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றை அணைகட்டித் தேக்கி, ஒரு மைலுக்கும் சற்று அதிகமாகச் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பினார்கள். 1887-இல் தொடங்கிய வேலை. 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். முடித்துக் காட்டியவர் ஜான் பென்னிகுயிக்.

என் அக்கா மகள் சிவில் இன்ஜினியரிங் மூன்றாமாண்டு படிக்கிறாள். சுரங்கம் வெட்டுவது அவளுக்குப் பாடம். "படத்துல பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு மாமா" என்றாள். புரட்டாசியில் கூட்டிக்கொண்டு கிளம்பினேன், முதலில் லோயர் கேம்புக்கு. அங்கிருந்து குமுளிக்கு ஏறும் நெடுஞ்சாலை கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிப் போகிறது. லாரிகள் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறுகின்றன. வண்டிக்கு மலையைச் சுற்றும் பாதை, தண்ணீருக்கு மலைக்குள் நேர்வழி. சுரங்கத்தைத் தாண்டி வந்த தண்ணீர் நான்கு பெரிய குழாய்களில் சரிவில் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு, முல்லையாறாகிக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போகிறது. அங்கே 14,707 ஏக்கர் இருபோகம்.

பாறைக்குள் வேலை என்பது ஒரே சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்வது. துளை போட வேண்டும், மருந்து கெட்டிக்க வேண்டும், வெடித்தபின் புகை போகும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். பிறகு கம்பியால் கூரையைத் தட்டி, தொங்கும் கல்லை உதிர்த்துவிட்டுத்தான் ஆள் உள்ளே போகலாம், கல்லை அள்ளலாம். தட்டும்போது எழும் சத்தத்தை வைத்தே பாறை கெட்டியா பொக்கையா என்று சொல்லிவிடுகிற காது சிலருக்கு உண்டு. எந்தப் படியை அவசரத்தில் விட்டாலும் உயிர் போகும். இமயத்தில் 2020-இல் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கச்சாலை வரை இயந்திரங்கள் எவ்வளவோ மாறிவிட்டன, மலை மாறவில்லை. 2023 நவம்பரில் உத்தரகாண்டின் சில்க்யாரா சுரங்கத்தில் மண் சரிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே அகப்பட்டார்கள். துளையிடும் இயந்திரம் உடைந்து நின்றபின், கடைசி சில மீட்டரைக் கையால் தோண்டித் திறந்தவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள். பதினேழாம் நாள் எல்லாரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பெரியாற்று வேலையில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் செத்தவர்கள் எத்தனையோ பேர். லோயர் கேம்பில் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் இருக்கிறது. அது அவருக்குத் தகும். பாறை சுமந்தவர்களின் பெயரும் ஒரு சுவரில் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தீராத மனக்குறை.

ஊர் திரும்பும் வழியில் கள்ளந்திரிக்குப் போனோம். மலையிறங்கிய அதே தண்ணீரைப் பேரணையில் பிரித்துக் கொண்டுவரும் பெரியாறு பிரதானக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே ஒருபோகம் 85,563 ஏக்கர், திருமங்கலம் கால்வாயில் இன்னும் 19,439. ஒருபோகத்துக்கு வழக்கமாக 120 நாள் தண்ணீர். முதல் 45 நாள் விடாமல் ஓடும், மீதி 75 நாள் முறை வைத்து.

கிளைக்கால்வாய் ஷட்டர் ஒன்றில், ஷட்டர்களைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவர் கைச்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, மணிக்கட்டு வரை கறுத்த கிரீஸ். சுற்றுவதை நிறுத்தி, நட்டுக்கு மேலே தெரிந்த மரைகளை விரல் வைத்து எண்ணினார். பலகை எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதற்கு அதுதான் அவர் கணக்கு. பிறகு கரையில் குத்தவைத்து, பாசி படிந்த அளவுகல்லைத் துண்டால் துடைத்துத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார்.

"ஏன் ஐயா மொதல்ல 45 நாள் விடாம?" என்று கேட்டாள் இவள்.

"கண்மாய் பெருகணும், தொளி கலக்கணும், நடவு முடியணும் தாயி. நட்டு வேர் புடிச்சிருச்சுன்னா காய்ச்சலும் பாய்ச்சலுமாக் குடுக்கலாம். அதுக்கு முன்னாடி முறை வச்சா மேமடைக்காரன் நட்டுருவான், கடைமடைக்காரன் நாத்தங்கால்லயே நிப்பான்."

அவர் எந்த ஷட்டரையும் கடைமடையைக் கேட்காமல் தொடுவதில்லை. கீழே நீர்பாய்ச்சிகளுக்குப் போன் போட்டு, யார் நாற்றுப் பாவியிருக்கிறார், எந்தக் கண்மாய் எவ்வளவு கிடக்கிறது என்று விசாரித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி இங்கே மரையை நிறுத்துகிறார். தண்ணீர் போய்ச்சேர ஆகும் நேரம், இடையில் கரை உறிஞ்சுவது, ராத்திரியில் யாராவது மடையைத் திறந்துவிடுவது எல்லாம் அந்தக் கணக்கில் உண்டு. ரிட்டயர் ஆனவர்கள் இடத்துக்கு ஆள் போடாததால் இரண்டு மூன்று பேர் பார்த்த நீளத்தை இப்போது ஒருவரே பார்க்கிறார். சைக்கிள் போய் மோட்டார் சைக்கிள் வந்தது மட்டும்தான் அவருக்குக் கிடைத்த வசதி.

மலையில் வெட்டிய ஒரு மைலைப் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கையும் பாடமாக வைக்க வேண்டும். சுரங்கம் வெட்டியதே மேலூர் வயலுக்காக. வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லையென்றால் அந்த வேலை இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்வேன்.

அக்கா மகள் ஷட்டர் கட்டையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். செமஸ்டர் தேர்வுக்குப் போட்டிருந்த அட்டவணை அன்றைய தேதியில் தொடங்கிக் கீழே இறங்கியது. கடினமான இரண்டு தாள்கள் கடைசி வாரத்தில் குவிந்து கிடந்தன. அதை அடித்துவிட்டுத் தேர்வு நாளை மேலே எழுதி, அங்கிருந்து பின்னோக்கி நாள் போட ஆரம்பித்தாள். லஸ்கர் எட்டிப் பார்த்து, "எடையில நாலு நாள் சும்மா விடு தாயி, ஒடப்பு எடுத்தா அடைக்கணும்ல" என்றார். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு அடுத்த ஷட்டருக்கு வண்டியை எடுத்தார்.