கமெராவைக் குறைகூறுமுன்

புகைப்படக்கலையிலே நாட்டங்கொண்ட இளைஞர் எம்மிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. "எந்தக் கமெரா வாங்கலாம், சேர்?" என்பதே அது. கல்லூரியிலே பௌதிகவியல் கற்பிப்பதோடு மாணவரின் புகைப்படக் கழகத்துக்கும் பொறுப்பாயிருக்கும் எமக்கு இக்கேள்வி புதிதன்று. அதற்கு நாம் சொல்லும் விடையும் மாறுவதன்று. "இப்போதுள்ள கமெராவில் எடுத்தவற்றுள் உமக்குப் பிடிக்காத பத்துப் படங்களைக் கொண்டு வாரும், பிறகு பேசுவோம்" என்போம். கேட்டவர் முகம் சற்றே வாடும். ஆயினும், நாடி பாராமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நாம் நம்புவதில்லையே! படத்தின் நாடியைப் பாராமல் புதிய கருவிக்குப் பணம் கொடுப்பது மட்டும் எவ்வாறு தகும்?

பழுதான படம் தன் நோயைத் தானே காட்டிக் கொடுத்துவிடும். அந்நோயை நால்வகையாகப் பிரித்தறியலாம். சுவரும் தூணும் உட்பட யாவும் ஒரே திசையில் இழுபட்டாற்போற் கலங்கியிருப்பின், படமெடுத்தவர் கை அசைந்தது என்று கொள்க. சுவரும் தூணும் தெளிவாயிருக்க, ஓடும் பிள்ளை மாத்திரம் கலங்கியிருப்பின், பிள்ளையின் வேகத்துக்கு ஷட்டர் திறந்திருந்த நேரம் அதிகம். பிள்ளையின் முகம் மங்கிப் பின்னாலுள்ள செவ்வரத்தஞ்செடி தெளிவாயிருப்பின், குவியம் இடந்தவறியது. எல்லாமே வெளிறி, பனிமூட்டத்தினூடே பார்த்தாற்போலத் தோன்றி, விளக்குகளைச் சுற்றி ஒளிப்படலம் படர்ந்திருப்பின், வில்லையின் மேலே விரலழுக்கோ உள்ளே பூஞ்சணமோ உண்டு. கைத்தொலைபேசியிற் படமெடுப்போருக்கு இந்த நான்காம் நோயே மிகுதி. சட்டைப்பையிலும் சமையலறையிலும் உழலும் அந்தச் சிறு வில்லையைத் தூய மென்துணியால் ஒருமுறை துடைத்தாலே பாதி நோய் தீர்ந்துவிடும்.

இந்நான்கினுள் முதலிரண்டும் கருவியின் குற்றமல்ல. மூன்றாவது, கருவியின் குற்றமாகவும் இருக்கலாம். எடுத்தவரின் குற்றமாகவும் இருக்கலாம். அதனை அறிய ஓர் எளிய பரிசோதனை உண்டு. கமெராவை முக்காலியில் நிறுத்துக. மேசைமேல் ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, அதன் நடுக்கோட்டிலே குவியத்தை அமைத்துப் பத்துப் படங்கள் எடுக்க. பத்திலும் தெளிவான கோடு ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ விலகி நின்றால் பிழை கருவியினுடையது. ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னுமாக மாறினால், குவியப்புள்ளி எங்கே நிற்கிறதென்று பாராமல் எடுத்த பழக்கத்தைத் திருத்த வேண்டும். கண்ணாடி பொருத்திய பழைய அமைப்புக் கமெராக்களில், பார்வைத்துளை வழியாகக் குவித்தெடுத்த படத்தையும் பின்புறத் திரையைப் பார்த்துக் குவித்தெடுத்த படத்தையும் ஒப்பிடுதல் நன்று. திரைவழி எடுத்தது தெளிந்தும் மற்றையது மங்கியும் இருப்பின், வில்லை நன்றாகவே உள்ளது. குவியத்தை அளக்கும் பகுதிக்கே சிறு திருத்தம் வேண்டும். அத்திருத்தத்தை நாமே செய்துகொள்ளும் வசதி பல கமெராக்களிலே உண்டு.

இவ்வாறு சோதித்துப் பார்ப்பதனால் ஆகும் நன்மை யாது? ஒரு குடும்பத்தில் நாம் கண்டதைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் வந்து, "சேர், இந்தக் கமெரா சரியில்லை. புதிசு வாங்க அம்மா காப்பை அடைவு வைக்கப் போறா" என்றார். காரணத்தை விசாரித்தோம். அவருடைய அம்மம்மாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியிலே வலிகாமத்து மக்கள் யாவரும் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டபோது, அக்குடும்பத்தின் படத்தொகுப்பும் வீட்டோடு போயிற்று. அம்மப்பாவின் முகம் இன்று எந்தப் படத்திலும் இல்லை. கடல் கடந்த நாடுகளிலே பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு அவர் வெறும் பெயர்தான். அம்மம்மாவுக்கும் அந்நிலை வரலாகாது என்பதே அந்தத் தாயின் கவலை. ஆனால் மகன் எடுத்த படங்களோ எல்லாம் கலங்கியிருந்தன.

இன்றைய கமெராக்கள் ஒவ்வொரு படத்தோடும் அதன் சாதகத்தையும் எழுதி வைக்கின்றன. அதைத் திறந்து பார்த்தோம். கமெராவோடு சேர்த்து விற்கப்படும் 18–55 மி.மீ. வில்லை, குவியத்தூரம் 55 மி.மீ.; துவாரம் எஃப் 5.6, ஷட்டர் 1/8 செக்கன். குற்றவாளி அகப்பட்டுவிட்டார்! கையிற் பிடித்து எடுக்கும்போது, குவியத்தூரம் எத்தனை மில்லிமீற்றரோ, ஒரு செக்கனில் அத்தனையில் ஒரு பங்குக்கு மேல் ஷட்டர் திறந்திருத்தல் ஆகாது என்பது பழைய விதி. அந்த மாணவருடையது போன்ற சிறிய உணரியுள்ள கமெராவிலே 55 மி.மீ. வில்லை ஏறத்தாழ 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். ஆகவே 1/80 செக்கனாவது வேண்டும். 1/8 செக்கன் அதைப்போலப் பத்துமடங்கு நீளம். அதிர்வைத் தாங்கும் பொறி வில்லையில் இருந்தால் கையின் அசைவு ஓரளவு அடங்கும். பேசிக்கொண்டிருக்கும் முதியவரின் தலையசைவு அதனால் அடங்குமா?

அடுத்த சனிக்கிழமை காலை அவ்வீட்டுக்குச் சென்றோம். அம்மம்மாவின் கதிரை இருண்ட நடு அறையிலே கிடந்தது. அதைத் தூக்கி, நேர்வெயில் படாத விறாந்தை ஓரத்திலே வைத்தோம். அதே கமெரா, அதே வில்லை, அதே துவாரம். ஷட்டர் 1/125 செக்கனுக்கு வந்துவிட்டது. ஒளி ஏறத்தாழப் பதினாறு மடங்கு பெருகிற்று; செலவு ஒரு சதமும் இல்லை. "என்னைப் படம் பிடிச்சு என்ன செய்யப் போறியள்?" என்று அம்மம்மா கேட்க, பேரன் ஏதோ பகிடி சொல்ல, அவர் சிரித்தார். அந்தப் படம் இன்று அவ்வீட்டுச் சுவரில் இருக்கின்றது. அதன் ஓரத்திலே, தாயின் தோள்மீது கை வைத்து நிற்கும் மகளின் காப்பும் தெரிகின்றது.

இனி, உண்மையாகவே வாங்க வேண்டிய நிலை வந்தவருக்கு நாம் சொல்வது: உடலை விட வில்லையை முதலிற் பாரும். கமெராவின் உடல் சில ஆண்டுகளிலே பழமையாகிவிடும். நல்ல வில்லை தலைமுறை கடந்தும் உழைக்கும். எம் மாமனார் 1970 களிலே கொழும்பில் வாங்கிய 50 மி.மீ. வில்லை, இன்று எம்மிடமுள்ள கமெராவிலே ஓர் இணைப்பு வளையத்தின் துணையோடு பொருந்தி, கையாற் குவிக்கக் குவிக்கத் தெளிந்த படம் தருகின்றது. அவர் பயன்படுத்திய கமெராவோ உறங்கிப் பல காலமாயிற்று.

வில்லையின்மேற் பொறித்திருக்கும் எண்ணின் பொருளையும் அறிதல் வேண்டும். குவியத்தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் வரும். 50 மி.மீ. வில்லையிலே எஃப் 1.8 என்றால் விட்டம் ஏறத்தாழ 28 மி.மீ.; எஃப் 5.6 என்றால் ஏறத்தாழ 9 மி.மீ. தான். உட்புகும் ஒளி விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதமானது என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கணக்கிடுவார். ஆகவே முன்னதில் ஏறத்தாழப் பத்துமடங்கு ஒளி புகும். கோயில் மண்டபத்திலும் கலியாண வீட்டிலும் இந்தப் பத்துமடங்கு, புதிய உடலொன்றைக் காட்டிலும் பயன் தரும். 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையே பெரும்பாலான நிறுவனங்களின் வரிசையில் விலை குறைந்தவற்றுள் ஒன்றாகவும் இருப்பது எம்போன்றோருக்கு வாய்த்த நற்பேறு.

பழைய கருவி வாங்குவது இழிவன்று. பாராமல் வாங்குவதே தீது. முதலில் உடலும் வில்லையும் ஒன்றுக்கொன்று இணங்குமா என்று கேட்டறிக. நிக்கொன் நிறுவனம் 1959 ஆம் ஆண்டு அமைத்த எஃப் பூட்டு பல பத்தாண்டுகள் நிலைத்தது. ஆயினும் அதன் சிறிய உடல்கள் சிலவற்றுள் குவிக்கும் மோட்டார் இல்லை. மோட்டார் இல்லாத பழைய வில்லையை அவற்றிற் பூட்டினால் கையாலேயே குவிக்க வேண்டும். கனொன் நிறுவனம் 1987 இல் தன் பூட்டையே மாற்றிவிட்டது. இரு நிறுவனங்களும் 2018 இல், கண்ணாடியில்லாக் கமெராக்களுக்கெனப் புதிய பூட்டுகளைக் கொணர்ந்தன. இதனாற் பழைய அமைப்புக் கருவிகள் மலிந்தன. மாணவருக்கு அதுவே வாய்ப்பு.

கடையிலே வில்லையைக் கையில் எடுத்ததும், ஒருபுறம் சிறு டோர்ச் விளக்கைப் பிடித்து மறுபுறத்தாற் பார்க்க. சிலந்தி நூல்போற் கிளைத்த வெண்கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம். விலை எத்துணை குறைந்தாலும் விட்டுவிடுக. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய் கசிந்திருக்கிறதா, குவியவளையம் சொரசொரப்பின்றிச் சுழல்கிறதா என்பவற்றையும் நோக்குக. பின்னர் கமெராவிற் பூட்டி, துவாரத்தை எஃப் 16 இல் வைத்து, வெறும் வானத்தை இரண்டு மூன்று படங்கள் எடுக்க. எல்லாப் படங்களிலும் ஒரே இடத்தில் ஒரே கரும்புள்ளி இருந்தால் அது உணரியின்மேல் உள்ள தூசி. அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை, துப்புரவு செய்விக்கலாம். வில்லையின் முகத்திலுள்ள ஓரிரு தூசு படத்திலே தெரிவதே இல்லை. வில்லையோடு தொடர்பு இல்லையென்று கமெரா முறையிட்டால், பழுதென்று துணியுமுன், இரண்டும் சேருமிடத்திலுள்ள செம்பொன்னிறத் தொடுபுள்ளிகளை உலர்ந்த தூய துணியால் மெல்லத் துடைத்துப் பார்க்க. பல முறைப்பாடுகள் அத்தோடு முடிந்துவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

எம் நாட்டுக் காலநிலை வில்லைகளுக்குப் பெரும் பகை. மலைநாட்டிலே சில ஆண்டுகள் ஆசிரியப்பணி புரிந்தபோது, நண்பரொருவரின் அருமையான வில்லை, தோலுறைக்குள் பத்திரமாக இருந்தபடியே ஒரே மழைக்காலத்திற் பூஞ்சணம் படர்ந்து கெட்டதைக் கண்டோம். தோலுறையும் அலுமாரியும் ஈரத்தைக் காக்குமேயன்றி வில்லையைக் காக்கமாட்டா. றப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியும், அதற்குள் சிலிக்கா ஜெல்லும், ஈரப்பதன் காட்டும் சிறுமானி ஒன்றும் போதும். மானி 40 க்கும் 50 க்கும் இடையில் நின்றால் நலம். நீலமணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் நிரம்பிவிட்டது. சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடலாம். அந்த நிறமருந்து நஞ்சாதலின் சமையற் பாத்திரத்திலே சூடாக்கலாகாது. அரிசிப் பானைக்குள் வைப்பதும், பூச்சி உருண்டை இடுவதும் வேண்டாம். ஒன்று தூசியைத் தரும். மற்றதன் ஆவி கண்ணாடியிற் படியும். சேலைத் தலைப்பாலும் வேட்டி நுனியாலும் வில்லையைத் துடைப்பது, மணலால் துடைப்பதற்கு ஒப்பாகும். முதலில் தூசியை ஊதிப் போக்கியே துடைக்க வேண்டும். குளிரூட்டிய பஸ்ஸால் இறங்கியதும் கமெராவை வெளியே எடாதீர். பைக்குள்ளேயே அரைமணி நேரம் இருக்கட்டும். இல்லையேல் கண்ணாடி வியர்க்கும்.

மலைநாட்டில் இருந்த அந்நாளிலே, பொகவந்தலாவையில் உள்ள ஒரு கல்லறையையும் நாம் சென்று கண்டோம். அங்கே துயில்பவர் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில மாது. 1863 ஆம் ஆண்டின் இறுதியில், தம் நாற்பத்தெட்டாம் வயதிலே, மகள் அன்போடு அளித்த கமெராவால் அவர் படமெடுக்கத் தொடங்கினார். 1875 இல் இலங்கைக்கு வந்து, இங்குள்ள உழைக்கும் மக்களையும் படம்பிடித்து, 1879 இல் இம்மண்ணிலேயே மறைந்தார். அவருடைய முதல் வில்லை குறையுடையது. படங்கள் தெளிவற்றவை என்று அக்காலத்து விமரிசகர் எள்ளினர். அவரோ தம் வில்லையின் இயல்பை நன்கறிந்து, முகம் தம் கண்ணுக்கு அழகாய்த் தோன்றிய இடத்திலே குவியத்தை நிறுத்தினார். எள்ளியோர் பெயரை இன்று அறிவார் சிலரே. அந்த முகங்களை உலகம் இன்றும் பார்த்துக்கொண்டிருக்கிறது. கருவியின் குறையை அறிந்தவருக்கு அக்குறையும் ஊழியம் செய்யும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மாணவர்களே, பெற்றோர்களே, நவராத்திரி முடிவிலே ஆயுதபூசைக்குக் கருவிகளை எடுத்துத் துடைத்து வைக்கிறோம். வடகீழ்ப் பருவமழை நெருங்கும் காலமும் அதுவே. அன்று கமெராவையும் வெளியே எடுத்து, வில்லையை டோர்ச் ஒளியிற் பார்த்து, சிலிக்கா ஜெல்லை உலர்த்தி, பற்றரியைச் சோதியுங்கள். சந்தனப்பொட்டை உடலுக்கு வையுங்கள்; கண்ணாடிக்கு வேண்டாம்! அத்தோடு, அவ்வாண்டில் எடுத்த படங்களுள் நல்லவை சிலவற்றைத் தாளிலே அச்சிட்டு, ஒரு பிரதியை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் சேர்த்து வையுங்கள். ஒரு வீட்டோடு எல்லாம் போய்விடக்கூடும் என்பதை எம் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. புதிய கமெராவை அடுத்த ஆண்டும் வாங்கலாம். முதியவர்களை இந்த ஆண்டே, வெளிச்சமுள்ள இடத்தில் இருத்திப் படமெடுத்துவிடுங்கள்.