மங்கிய வண்ணமும் மறைந்து நின்ற ஒளியும்

மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 2014ஆம் ஆண்டுவரை செய்யப்பெற்ற அம்பாசிடர் கார்களுள் ஒன்று எந்தையார்வழி எமக்கு உரியதாயிற்று. அதன் செந்நிறம் பல கோடைகளின் வெயிலால் வெளிறி, தொட்ட விரலில் பொடியாய் ஒட்டியது. புதுவண்ணம் பூசுதலே தக்கதென்றனர் பலர். எந்தையார் காலத்து வண்ணத்தை இழக்க எம்மனம் ஒருப்படவில்லை.

வெயிலின் புறவூதாக் கதிர்கள் வண்ணப்பொடியைப் பிணைத்து நிற்கும் பசைப்பொருளைச் சிதைக்கின்றன. சிதைந்த மேற்புறம் ஒளியைச் சீராகத் திருப்பாது சிதறடித்தலின் பளபளப்பு மறைகின்றது. அடியிலுள்ள வண்ணமோ பெரும்பாலும் கெடுவதில்லை. ஆதலின் முதற்கண் வேண்டுவது புதியதொன்றைச் சேர்த்தலன்று, கெட்டதை நீக்குதலே என்க.

காரை நிழலில் நிறுத்தி நன்கு கழுவி, மெல்லிய துணியில் பாலிஷ் குழம்பைச் சிறிதே எடுத்துத் தேய்த்தோம். துணி சிவந்தது. நிறமற்ற மேற்பூச்சு இல்லாத பழைய வண்ணம் இஃதென்பதற்கு அதுவே சான்று. அம்மேற்பூச்சு உடைய வண்டிகளில் அஃது உரிந்துபோயின், இம்முறை பயன்படாது.

வண்ணத்தின் கனம் ஏறக்குறைய மில்லிமீட்டரில் பத்திலொரு பங்கே. விளிம்புகளில் இன்னும் மெல்லிது. ஒவ்வொரு தேய்ப்பும் அதனைக் குறைக்கும். அடிக்கடி தேய்ப்போர் ஈற்றில் இரும்பையே காண்பர். ஆகலின் நிறம் தெளிந்தவுடன் நிறுத்தி, மெழுகு பூசினோம். இனி அம்மெழுகைப் புதுப்பித்து வருதலே காவலாம்.

ஓட்டுநர் பக்கத்துக் கதவில் எந்தையார் நாளிலேயே விழுந்த கீறல் ஒன்றுண்டு. அஃது ஆழமானது, அதனைப் போக்கப் புகின் சுற்றியுள்ள வண்ணமும் போம். அதனை அவ்வாறே விடுத்தோம்.