காஞ்சியிலிருந்து காலடிப்பேட்டை வரை

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குக் காத்திருக்கக் கற்றுக் கொடுக்க வேண்டியதில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலின் அனந்தசரஸ் தீர்த்தத்துக்குள் அத்திவரதர் 40 வருஷம் பள்ளிகொண்டிருக்கிறார். பிறகு 48 நாள் வெளியே எழுந்தருளி, முதலில் கிடந்த கோலத்திலும் அப்புறம் நின்ற கோலத்திலும் சேவை சாதித்துவிட்டு, மீண்டும் நீருக்குள் போய்விடுகிறார். 1979-ல் தகப்பனார் தோளில் ஏறிச் சேவித்த சிறுவர்கள், 2019 ஜூலையில் தங்கள் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு மாட வீதியில் நின்றார்கள். இனி 2059-ல்தான். இதைப் பற்றி ஊரில் யாரும் முணுமுணுத்து நான் கேட்டதில்லை. 40 என்றால் 40. விரல் விட்டு எண்ணிக்கொண்டு இருக்கலாம்.

அதே 2019-ல், அத்திவரதர் எழுந்தருளுவதற்கு ஐந்து மாதம் முன்னதாக, பட்டணத்தில் வேறொரு காத்திருப்பு முடிந்தது. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். நிலையத்திலிருந்து வண்ணாரப்பேட்டை வரை, அண்ணா சாலைக்கும் மண்ணடிக்கும் அடியாகச் செல்லும் 10 கிலோ மீட்டர் சுரங்கப் பாதையில் பிப்ரவரி 10-ந் தேதி மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிற்று. திருப்பூருக்கு வந்திருந்த பிரதமர் அங்கிருந்தபடியே அதைத் துவக்கி வைத்தார். இந்தக் காத்திருப்பில்தான் எண்ணுவதற்கு விரலும் போதவில்லை, எண்ணும் நிலைக்கவில்லை. 2009-ல் வேலை ஆரம்பித்தபோது 2015-க்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றார்கள். 2015-ல் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூர் வரை, அதுவும் ஆகாயத்தில் தூண்களின் மேல், முதல் வண்டி ஓடியது. அதை ஓட்டியவர் ஒரு பெண்மணி என்பது அன்று எல்லாருக்கும் சந்தோஷமாக இருந்தது. பூமிக்கு அடியில் முதல் வண்டி 2017 மே மாதம் திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை ஓடிற்று. அண்ணா சாலைக்காரர்கள் அதற்குப் பிறகும் ஏறக்குறைய இரண்டு வருஷம் தகர வேலிக்குப் பின்னால் குடித்தனம் நடத்தினார்கள்.

இந்தப் பாதை வழியாகக் காஞ்சியிலிருந்து வடசென்னையிலுள்ள காலடிப்பேட்டைக்குச் சமீபத்தில் ஒரு நாள் போய் வந்தேன். வழித்துணையாக எங்கள் தெருத் தறிக்காரப் பெரியவர் வந்தார். வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண வீட்டுக்கு முகூர்த்தப் புடவை கொண்டு கொடுக்க வேண்டியிருந்தது அவருக்கு. எனக்கோ காலடிப்பேட்டையைப் பார்க்க வேண்டுமென்று வெகு நாளைய ஆசை. காரணத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

ரயில் விஷயத்தில் எங்கள் ஊர் கொஞ்சம் பழம்பெருமை பேசலாம். பூமிக்கு அடியில் ரயில் விட்ட முதல் நகரம் லண்டன், வருஷம் 1863. அதற்கு இரண்டே வருஷம் கழித்து, 1865-ல், அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்குக் குறுகிய தண்டவாளம் போட்டு வண்டி விட்டாயிற்று. அப்போது அந்தக் கம்பெனிக்கு இந்தியன் டிராம்வே கம்பெனி என்று பெயர். ஆக, லண்டன்காரர் பூமிக்குள் இறங்கிய காலத்திலேயே நாங்கள் ரயிலில் ஏறிவிட்டோம். பட்டணத்தில் பூமிக்குள் இறங்குவதற்குத்தான் அதன் பிறகு 150 வருஷத்துக்கு மேல் பிடித்தது. பட்டணத்திலும் அதுவரை சும்மா இருக்கவில்லை. 1895-லேயே மின்சார டிராம் ஓடிற்று. 1953-ல் அது நின்றுபோயிற்று. 1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் வந்தது. அந்தப் பாதையில்தான் இன்று காஞ்சிபுரத்து வண்டியும் வாலாஜாபாத், செங்கற்பட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு பட்டணத்துக்குள் நுழைகிறது.

விடியற்காலை வண்டியில் பெரியவருக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. புடவைப் பையை மடியிலிருந்து அவர் இறக்கவே இல்லை. அரக்கு உடலும் பச்சைக் கரையும் கொண்ட கோர்வைப் புடவை அது. உடலுக்கு வேறு நாடா, கரைக்கு வேறு நாடா. ஒவ்வோர் இழையிலும் இரண்டு நிறமும் கை கோத்துக்கொள்ள வேண்டும். தறியில் நெய்பவரோடு பக்கத்தில் கை கொடுக்க இன்னொருவரும் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். அந்த இன்னொருவர் கிடைப்பதுதான் இப்போது குதிரைக்கொம்பாக இருக்கிறது. காஞ்சித் தெருக்களில் பிள்ளைகள் விடியுமுன்பே ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளின் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்கள். பெரியவருக்குக் கை கொடுப்பது அவருடைய மனைவிதான்.

கிண்டியில் இறங்கி மெட்ரோ நிலையத்தில் ஏறினோம். கிண்டியிலும் சின்னமலையிலும் வண்டி உயரத்தில் போகிறது. அப்புறம் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு பூமிக்குள் இறங்கி, அடையாற்றின் அடியாகச் சென்று, சைதாப்பேட்டையில் நிற்கிறது. நடைமேடையின் விளிம்பு நெடுகக் கண்ணாடிச் சுவர். வண்டி வந்து நின்ற பிறகே சுவரின் கதவும் வண்டியின் கதவும் ஒன்றுக்கொன்று நேராகத் திறக்கின்றன. "ஊடும் பாவும் மாதிரி சரியாக வந்து நிற்கிறது, வாத்தியார் ஐயா!" என்றார் பெரியவர். முதலில் வந்த 9 ரயில்கள் பிரேசில் தேசத்தில் செய்யப்பட்டவை. மற்ற 33 ரயில்களையும் நம் எல்லைக்கு அப்பால் ஆந்திராவில் ஸ்ரீ சிட்டியிலேயே கட்டினார்கள். பணத்தில் பெரும் பகுதி ஜப்பான் கொடுத்த கடன்.

தேனாம்பேட்டையைத் தாண்டியதும் வண்டி எந்தச் சாலைக்கு அடியில் ஓடுகிறது என்பதைப் பெரியவரிடம் சொன்னேன். மவுண்ட் ரோடு என்று வெள்ளைக்காரர் வைத்த பெயர் மாறி இன்று அண்ணா சாலையாக இருக்கிறது. அண்ணாவோ 1909-ல் எங்கள் காஞ்சிபுரத்தில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அந்த மனிதரின் பெயரைத் தாங்கிய சாலையின் அடியில்தான் இந்தப் பாதையின் முழுச் சங்கடமும் நடந்தது.

சங்கடத்தின் வரலாறு இது. இந்தப் பகுதியில் சுரங்கம் வெட்டும் வேலையை இந்திய நிறுவனம் ஒன்றும், மாஸ்கோ நகரத்துச் சுரங்க ரயிலைக் கட்டிப் பெயர் பெற்ற ருஷ்ய நிறுவனமும் கூட்டாக ஏற்றிருந்தன. பட்டணத்து மண் ஒரே சீரானதல்ல. ஓரிடத்தில் மணல், ஓரிடத்தில் களிமண், சட்டென்று கருங்கல். துளைக்கும் யந்திரம் முன்னால் சக்கரத்தால் அரைத்துக்கொண்டே போகும். பின்னால் சிமெண்டுக் கான்கிரீட் துண்டுகளை வளையம் வளையமாகப் பொருத்திக்கொண்டே வரும். முகப்பில் மண்ணின் அழுத்தத்துக்குச் சமமாக யந்திரமும் எதிர் அழுத்தம் கொடுத்தாக வேண்டும். பாதி வட்டம் கல்லாகவும் பாதி வட்டம் மணலாகவும் வாய்த்துவிட்டால் அந்தச் சமநிலை கெட்டு, மேலே உள்ள தரை இறங்கும். வேலை பின்தங்கிற்று. 2015-ல் அந்தக் கூட்டு நிறுவனத்தார் விலக, ஒப்பந்தம் ரத்தாயிற்று. யந்திரங்கள் பூமிக்குள் அப்படி அப்படியே நின்றன. புதிதாக டெண்டர் கேட்டு, வேறு நிறுவனங்கள் வந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கின. 2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை. ஜெமினி மேம்பாலத்துக்குச் சமீபமாகச் சாலை திடீரென்று உள்வாங்கி, ஒரு மாநகரப் பஸ்ஸும் ஒரு காரும் பள்ளத்தில் இறங்கிவிட்டன. தெய்வாதீனமாக ஓர் உயிருக்கும் சேதமில்லை.

பெரியவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே ஓடும் இருட்டையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதியில் விட்ட தறியில் வேறு ஆள் உட்கார்ந்தால் அடி மாறிப் போகும், ஐயா. ஒருத்தர் கை ஓங்கி அடிக்கும். ஒருத்தர் கை மெத்தென்று அடிக்கும். புடவையை வெளிச்சத்தில் பிடித்தால் கோடு போட்டாற்போல் தெரிந்துவிடும். இங்கே எந்த இடத்தில் ஆள் மாறினார்கள் என்று எனக்குத் தெரியவில்லையே!" என்றார்.

எனக்கும் தெரியவில்லை. வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அரசினர் தோட்டம் என்று நின்று நின்று போயிற்று. எழுந்து போனவர்களின் குறையை உட்கார்ந்தவர்கள் தெரியாமல் முடித்திருக்கிறார்கள். இந்த வேலையைச் செய்த பொறியியல் வல்லுநர்களையும், பெயர் தெரியாத வடநாட்டுத் தொழிலாளர்களையும் எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

ஆனால் பெரியவர் அதோடு விடவில்லை. "முகூர்த்தப் புடவையை நான் ஒரு நாள் தாமதமாகக் கொண்டு போனால் அப்புறம் அதை யார் வாங்குவார்கள்? கல்யாணம் எனக்காக நிற்குமா? இவர்களுக்கு முகூர்த்தமே இல்லை போலிருக்கிறது" என்றார்.

இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. கல்லையும் மணலையும் நான் மன்னிப்பேன். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று இறங்கிப் பார்த்தால்தான் தெரியும். அண்ணா சாலையில் பாதி வழியை அடைத்து, மீதியை ஒருவழியாக்கி, வருஷக்கணக்கில் வைத்திருந்தார்களே, அந்த வேலிக்குப் பின்னால் கடை வைத்திருந்த சிறு வியாபாரிக்கு 'இன்ன காரணத்தால் தாமதம், இனி இன்ன தேதி' என்று ஒரு பலகையாவது எழுதி வைத்திருக்கலாம். கோடிகளுக்குக் கணக்கு உண்டு. அந்தக் கடைக்காரர் இழந்த தீபாவளிகளுக்குக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. அந்நியர் ஆட்சியில் ஜனங்களுக்குக் காரணம் சொல்லாமல் இருப்பது வழக்கம். சுயராஜ்யத்தில் அது வழக்கமாக இருக்கலாகாது.

கல்கத்தாக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். பாரத தேசத்தின் முதல் சுரங்க ரயிலுக்கு அங்கே 1972-ல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். 1984-ல் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை 3.4 கிலோ மீட்டர் ஓடிற்று. டம்டம்மிலிருந்து டாலிகஞ்ச் வரை முழுப் பாதை முடிய 1995 ஆயிற்று. ஹூக்ளி நதியின் அடியாகச் செல்லும் அவர்களுடைய அடுத்த பாதை 2009-ல் தொடங்கி 2025 ஆகஸ்டில் முழுமை பெற்றது. நடுவே 2019-ல் பௌபஜார் வட்டாரத்தில் வீடுகள் விரிசல் கண்டு, குடும்பங்கள் கட்டிய துணியோடு வெளியேற நேர்ந்தது. அவர்களை நினைத்தால் நம் அண்ணா சாலை புண்ணியம் செய்திருக்கிறது.

கூவத்தின் அடியாகச் சென்றால் சென்ட்ரல். இரண்டு பாதைகள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சந்திக்கும் பிரம்மாண்டமான நிலையம். அதற்குச் சற்று முன்பு இடப்புறமாக, கூவத்தின் வளைவில், சிந்தாதிரிப்பேட்டை இருக்கிறது. 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றுவதற்கென்றே கும்பினியார் உண்டாக்கிய பேட்டை அது. உயர் நீதிமன்றம், மண்ணடி தாண்டினால் வண்ணாரப்பேட்டை. கும்பினியாரின் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் வாழ்ந்த இடம். நெய்தவர் பேட்டை, வெளுத்தவர் பேட்டை என்று துணியால் எழுந்த பழைய சென்னையை இந்த ரயில் ஊசியைப் போல அடியில் கோத்துக்கொண்டு போகிறது. பெரியவர் எம்.சி. ரோட்டின் ஜவுளிக் கடைகளை ஏற இறங்கப் பார்த்தபடி நடந்து, கல்யாண வீட்டில் புடவையைச் சேர்ப்பித்தார். பெண்ணின் பாட்டி அதை வாசலுக்கு எடுத்து வந்து, வெயிலில் பிரித்து, கோர்வையை விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டு போனார்.

மறுபடியும் ரயில் ஏறினோம். வண்ணாரப்பேட்டைக்கு வடக்கே விம்கோ நகர் வரை 9 கிலோ மீட்டர் 2021 பிப்ரவரி 14-ல் திறந்தது. அதே மாதம் அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ரூபாயாகக் குறைத்தார்கள். வடசென்னைக்குத் தொழிலாளி ஏறக்கூடிய வண்டி வேண்டுமே! இரண்டு நிலையங்களுக்குப் பிறகு ரயில் வெளிச்சத்துக்கு ஏறுகிறது.

"இந்த ரயில் நம் பக்கம் வருமா?" என்று கேட்டார் பெரியவர். பூந்தமல்லியிலிருந்து நம் ஜில்லாவின் பரந்தூர் வரை பாதையை நீட்டத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதில் சுங்குவார்சத்திரம் வரையுள்ள முதற்பகுதிக்கு 2025-ல் தமிழ்நாட்டு அரசு ஒப்புதல் அளித்தது. பரந்தூரில் விமான நிலையம் வருமென்று 2022-ல் அறிவித்ததிலிருந்து, நிலத்தையும் ஏரியையும் விட மாட்டோமென்று ஏகனாபுரத்து ஜனங்கள் போராடத் தொடங்கியதும் அவருக்குத் தெரியும். "அப்போ இதிலும் தேதி இல்லை" என்றார் சுருக்கமாக.

காலடிப்பேட்டையில் இறங்கினோம். கும்பினியின் கவர்னராக இருந்த காலெட் துரை சுமார் 300 வருஷத்துக்கு முன்னால் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர். காலெட்பேட்டைதான் ஜனங்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இங்கே கோயில் கொண்டிருப்பவர் கல்யாண வரதராஜப் பெருமாள். செவிவழிக் கதை ஒன்று உண்டு. துரையிடம் வேலை பார்த்த வீரராகவர் என்ற பக்தர், தினமும் காஞ்சிக்குப் போய் வரதரைச் சேவித்த பிறகே உத்தியோகத்துக்கு வருவாராம். தாமதத்தைக் கண்டு கோபித்த துரை, "அப்படியானால் இந்த நிமிஷம் காஞ்சியில் என்ன நடக்கிறது, சொல்லும்!" என்றாராம். வீரராகவர் கண்ணை மூடி அங்கே உற்சவத்தில் நேர்ந்த ஒரு தடங்கலைச் சொல்ல, ஆள் விட்டு விசாரித்ததில் அது அப்படியே உண்மையாக இருந்ததாம். துரை வியந்துபோய், இவர் இனி அலைய வேண்டாமென்று வரதருக்கு இங்கேயே கோயில் எழுப்பிக் கொடுத்தாராம். இதற்காகத்தான் நான் இந்த ஊரைப் பார்க்க விரும்பினேன். காஞ்சியிலிருந்து பட்டணத்துக்குத் தினமும் வேலைக்கு வந்துபோன முதல் மனிதர், எனக்குத் தெரிந்தவரை, அவரே.

பெருமாளைச் சேவித்துத் துளசி வாங்கிக்கொண்டு பிராகாரத்தில் உட்கார்ந்தோம். பெரியவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, விடியற்காலையிலிருந்து மணியைக் கூட்டிக் கணக்குப் போட்டார்.

"வாத்தியார் ஐயா, ரயில், சுரங்க ரயில் எல்லாம் வந்தும், அந்த வீரராகவர் இன்றைக்கும் துரையிடம் திட்டு வாங்கத்தான் வேண்டும்!"