தாத்தா எரித்த பறை

"டீச்சர், சின்ன வயசுல நீங்க பெந்தெகொஸ்தே சபையாமே, எப்படி சி.எஸ்.ஐ.க்கு வந்தீங்க?" என்று பழைய மாணவி ஒருத்தி இன்பாக்ஸில் கேட்டிருந்தாள். எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறேன்.

நான் வளர்ந்த சபையில் பூ, நகை, சினிமா எதுவும் கிடையாது. காய்ச்சல் வந்தால் எண்ணெய் பூசி ஜெபம்தான்; மாத்திரை போட்டால் விசுவாசக் குறைவு. தாத்தா பறை அடித்தவர். ஞானஸ்நானம் எடுத்த அன்று பறையை எரித்துவிட்டார் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அது பிசாசின் மேளமாம்.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. ஊர்த்தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாத தாத்தாவை 'பிரதர்' என்று கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்ததும் அதே சபைதான். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியதும் அங்கே வேதம் வாசித்துத்தான். ஆனால் கேள்வி கேட்கக் கூடாது. அறிவியல் டீச்சரான எனக்கு வகுப்பில் ஒரு மனசு, ஞாயிற்றுக்கிழமை ஒரு மனசு என்று ஓட்ட முடியவில்லை.

1990-ல் மதுரைக்கு மாறுதல். கூட வேலை பார்த்த டீச்சர் அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆராதனைக்கு அழைத்துப் போனார். அங்கே பறை முழங்கியது! எனக்கு உடம்பு வெலவெலத்துவிட்டது. அங்கே ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு, எல்லோருக்கும் பரட்டை அண்ணன், நாட்டுப்புற மெட்டில் ஆராதனைப் பாட்டுக் கட்டியவர். கடவுளைப் 'பெத்தவரே' என்று அழைத்தவர். அந்தச் சொல்லில் அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு.

தாத்தாவின் கைத்தொழிலை எரித்தால்தான் கடவுள் சேர்த்துக்கொள்வார் என்பதை அதற்குப் பிறகு என்னால் நம்ப முடியவில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தேன். அம்மா இரண்டு வருடம் என் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

2013-ல் புஷ்பா லலிதா அம்மையார் நந்தியால் பேராயர் ஆனார். எங்கள் திருச்சபையின் முதல் பெண் பேராயர். செய்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பொம்பளைக்கு அங்கியா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "போட்டோ இருந்தா காட்டு" என்றாள்.

இங்கேயும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கிறிஸ்தவர்களுக்குள் சாதிக்கொரு கல்லறை இன்னும் இருக்கிறது. ஆனால் அதை நான் எழுந்து நின்று கேட்கலாம். கேட்டுக்கொண்டும் இருக்கிறேன்.

கமெண்டில் சண்டை வேண்டாம். சந்தேகம் இருந்தால் கேளுங்கள், பதில் சொல்கிறேன்.