காக்காவின் நோன்பும் லித்தியமும்



2019ஆம் ஆண்டின் ரமளான் மே மாத வெயிலில் வந்தது. "மாத்திரையை ஸஹரில் போட்டுக்கொள்ளுங்கள் காக்கா, நோன்பை விட்டுவிடாதீர்கள்" என்று சொன்னவன் நான்தான். மருத்துவரைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காக்காவுக்கு இருதுருவ மனநோய். ஒரு காலத்தில் வாரக்கணக்கில் உறங்காமல், கடைச் சரக்கைப் பாதி விலைக்கு விற்று, கடனுக்கு மேல் கடன் வாங்குவார். பிறகு மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழமாட்டார். நாங்களும் ஓதிப் பார்த்தோம், தாயத்துக் கட்டினோம். ஈமான் குறைவு என்று சொன்னவர்களும் உண்டு. லித்தியம் மாத்திரை தொடங்கிய பின்னரே வீட்டில் அமைதி திரும்பியது.

பத்தாம் நோன்பன்று இஃப்தாரில் அவர் கையிலிருந்து கஞ்சிக் கோப்பை நழுவியது. நாக்குக் குழறியது, நடை தள்ளாடியது. களைப்பு என்றே நினைத்தோம். வாந்தி நிற்காததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் லித்தியம் நச்சளவுக்கு ஏறியிருந்தது. பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் அது மருந்து, 1.5ஐத் தாண்டினால் ஆபத்து. சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியம் போலவே நடத்துகிறது. உடலில் நீர் வற்றும்போது உப்பை இறுகப் பிடித்துக்கொள்ளும் அது, லித்தியத்தையும் வெளியேற விடுவதில்லை.

மருத்துவமனையில் கண்விழித்திருந்த இரவுகளில்தான் இந்த மருந்தின் வரலாற்றைப் படித்தேன். ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மனநல மருத்துவர், சிங்கப்பூர் சாங்கியில் ஜப்பானியரின் போர்க்கைதியாக மூன்றாண்டுகளுக்கு மேல் இருந்தவர். போருக்குப் பின் மெல்போர்ன் அருகே பண்டூரா மருத்துவமனையில், பயனற்றுக் கிடந்த ஓர் அறையே அவருடைய ஆய்வுக்கூடம். மனவெழுச்சி நோயாளிகளின் சிறுநீரில் ஏதோ நஞ்சு இருப்பதாக ஐயுற்று, அதைக் கினிப்பன்றிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். (பெயரில் மட்டுமே பன்றி, அது எலியைப் போன்ற கொறிக்கும் பிராணி.) அந்தச் சிறுநீர்ப் புட்டிகள் அவர் வீட்டுக் குளிர்பெட்டியிலேயே இருந்தனவாம். இதை உம்மாவிடம் சொன்னபோது, "அஸ்தஃபிருல்லாஹ்" என்று முகத்தைச் சுளித்தார்.

யூரிக் அமிலத்தைக் கரைக்கவே லித்தியத்தைச் சேர்த்தார். பிராணிகள் விந்தையாக அடங்கிக் கிடந்தன. அது நஞ்சேறிய சோர்வாகவும் இருக்கலாம் என்பர் பின்வந்தோர். தாமே உட்கொண்டு பார்த்துவிட்டு, 1948இல் நோயாளிகளுக்குக் கொடுத்தார். 1949இல் ஆய்வை வெளியிட்டார். ஆண்டுக்கணக்கில் கொந்தளித்துக் கிடந்த முதல் நோயாளி, சில மாதங்களில் வீடு திரும்பி வேலைக்கும் போனார். ஆனால் அந்த மனிதரே 1950இல் லித்திய நஞ்சேறி இறந்தார். அதைப் படித்தபோது அடுத்த கட்டிலில் காக்கா உறங்கிக்கொண்டிருந்தார். இரத்தத்தில் லித்தியத்தை அளந்து கொடுக்கும் முறையை மெல்போர்னில் டிராட்னர் போன்றோர் வளர்த்தெடுத்த பிறகே, இம்மருந்து அச்சமின்றிக் கையாளத்தக்கதாயிற்று. அந்த அளவுச் சோதனைதான் என் காக்காவையும் மீட்டது, அல்ஹம்துலில்லாஹ்.

வீடு திரும்பியதும் ஆலிமைச் சந்தித்தோம். நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பதும் இபாதத்தே என்றார், ஃபித்யாவை விளக்கினார். காக்கா தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நோன்பு நோற்காதவன் என்று ஊர் சொல்லுமே" என்பது மட்டுமே அவர் கவலை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் சில ரமளான்களில், நண்பகலில் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தண்ணீர் குடித்தார். சென்ற ஆண்டு உறவுக்காரப் பெண்மணி ஒருவர் வந்திருந்த நேரம், உம்மா தண்ணீர்ச் செம்பைக் கூடத்திலேயே கொண்டுவந்து அவர் முன் வைத்தார். வந்தவர் வியந்து பார்த்தார்.

"அவனுக்கு மருந்து வேளை" என்றார் உம்மா.