பெயரில்லாமல் சாகிறவர்கள்

1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கர்களோடு கூட்டுச் சேர்ந்து ஒரு படம் எடுத்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. இயக்கியவர் வில்லியம் பெர்க். ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர் அங்கிருந்து வந்தார்கள். நம்மூர் நம்பியாரும் படத்தில் உண்டு. காட்டு யானைகள் மிரண்டு ஊர்களுக்குள் புகுந்து துவம்சம் செய்கின்றன. காரணம் தேடி ஓர் இளவரசியும் வெள்ளைக்கார வேட்டைக்காரனும் காட்டுக்குள் போகிறார்கள். யானைகளையே விரட்டியது மாமூத், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோன சடை யானை. அதற்காக நிஜ யானைகளுக்கே சடை போர்த்திவிட்டார்கள். நம் நாட்டு வெயிலில் அந்த யானைகள் பட்ட பாட்டை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

எங்கள் மாலைநேரப் படிப்பு வட்டத்தில் இதன் ஆங்கில வடிவத்தைப் போட்டோம். குருகுலத்துத் தனிப்பந்தியால் பேர்வாங்கிய ஊர் சேரன்மகாதேவி. இங்கே எந்தப் படம் போட்டாலும் ‘யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்’ என்று பார்க்கிற கண் பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடுகிறது.

மலிவு விலை மிருகப் படத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மிருகத்தைக் காட்டப் பணம் வேண்டும், அதனால் கடைசியில்தான் காட்டுவார்கள். அதுவரை உறுமல், காலடித் தடம், பயந்த முகம். ‘அங்கே போகாதீர்கள்’ என்று உள்ளூர்க்காரர் சொல்வார், அது மூடநம்பிக்கை என்று தள்ளப்படும். முதலில் பார்த்தவன் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் மிருகம் இருப்பதை நிரூபிக்க யாராவது சாகவேண்டும். நாயகனைக் கொன்றால் படம் முடிந்துவிடும், நாயகியைக் கொன்றால் டிக்கெட் விற்காது. மிச்சம் இருப்பது பெட்டி சுமந்து பின்னால் வருகிறவன்தான். அவன் சாவுக்குச் செலவு ஓர் அலறல். பெரிய படங்களும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. 1933-இல் வந்த ‘கிங் காங்’கில் தீவுக்காரர்கள் மிதிபடுவார்கள், அவர்களுக்காக அழுவதற்குப் படம் ஒரு நிமிடம்கூட நிற்காது.

படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டோம். வேட்டைக்காரன் பெயர் என்ன? சொன்னார்கள். இளவரசி பெயர்? அதையும் சொன்னார்கள். சுமை தூக்கி வந்தவர்களில் ஒருவர் பெயர்? யாருக்கும் நினைவில்லை.

அப்போது பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி, “மாஞ்சோலையில செத்த 17 பேரு பேரும் நமக்குத் தெரியாதுல்லா?” என்றாள். அதன் பிறகு படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த தேயிலைத் தோட்டம் அது. எங்கள் ஊர் வழியாகத்தான் மாஞ்சோலை பஸ் போகும். கொழுந்து பறித்து, மூட்டை சுமந்த அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடிச் சிறைக்குப் போனவர்களை விடுவிக்கச் சொல்லி 1999 ஜூலை 23 அன்று நெல்லை கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. தப்பிக்க வழியில்லாமல் தாமிரபரணிக்குள் இறங்கியவர்களும் அடிபட்டார்கள். செத்தவர்கள் 17 பேர். அதில் பெண்களும் உண்டு, ஒரு சின்னக் குழந்தையும் உண்டு. வருடாவருடம் ஜூலை 23-இல் கட்சிகள் ஆற்றில் மலர் தூவுகின்றன. பேசுகிறவர்கள் எல்லோரும் ‘17 பேர்’ என்கிறார்கள். எண் நன்றாகப் பதிந்துவிட்டது. பெட்டி சுமந்தவர்களுக்குப் படம் செய்ததைத்தான் இங்கே அந்த எண் செய்கிறது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

இதே ஆற்றங்கரையில் சாவைச் சொல்லும் வேறு வழி ஒன்று இருக்கிறது. வில்லுப்பாட்டில் அநியாயமாகச் செத்தவர்தான் கதைக்கே நாயகர். முத்துப்பட்டன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பிராமணனாகப் பிறந்தவன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்காளையும் திம்மக்காளையும் கட்டுவதற்காகக் குடுமியையும் பூணூலையும் அறுத்தெறிந்து செருப்புத் தைக்கிறான். மாமனாரின் மாட்டுக் கிடையைக் காக்கப் போய் மாடு திருடவந்தவர்களால் கொல்லப்படுகிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீயில் இறங்குகிறார்கள். (அந்த உடன்கட்டையை நாம் போற்ற வேண்டியதில்லை.) செத்தவன் பட்டவராயன் ஆகிவிட்டான். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோவிலில் இன்றும் அவனுக்குச் செருப்புதான் காணிக்கை. அந்த இரண்டு பெண்களின் பெயரும் பாட்டில் நிற்கிறது.

நிற்கிறது என்று சும்மா இருந்துவிடவும் முடியாது. அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் விடப்பட்டு சக்கிலியரால் வளர்க்கப்பட்டவர்கள் என்று பின்னாளில் கதையையே திருத்தினார்கள். மேல்சாதியாரின் நெருக்கடியில் வந்த மாற்றம் அது என்று நா. வானமாமலை பதிவு செய்திருக்கிறார். பெயரை அழிக்க முடியாத இடத்தில் பிறப்பை மாற்றிவிட்டார்கள்.

எங்கள் பிள்ளைகள் இப்போது 17 பெயர்களையும் தேடி எழுதிக்கொண்டிருக்கிறார்கள். பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிறார்கள், மலையிலிருந்து இறங்கி வந்து கீழே குடியிருக்கும் பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்கிறார்கள். பெயர், எந்த எஸ்டேட், என்ன வேலை, யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு நோட்டில் நான்கு கட்டம் போட்டிருக்கிறார்கள். வரும் ஜூலை 23-இல் ஆற்றங்கரையில் மைக் கிடைக்குமோ கிடைக்காதோ, கிடைக்காவிட்டால் மைக் இல்லாமலே வாசிப்பதாகத் திட்டம்.