இரண்டு வயதுக் கைகள்

கொலோன், நவம்பர்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் பையன் தம்பிக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, மழை நாளில் வெளியே விட முடியவில்லை, செல்போனைக் கையில் கொடுக்காமல் எப்படிப் பொழுதைப் போக்குவது என்று கேட்டிருந்தாய். இங்கே எங்களுக்கு இப்போது தினமும் அதே பாடுதான். ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. அதிலிருந்து ராச்சாப்பாடு வரை என் பாப்பாவும் நானும் சமையலறை மேசையும்தான். வீட்டில் கிடப்பதையும் தெருவில் உதிர்ந்ததையும் வைத்தே அந்த நேரம் நிறைந்துவிடுகிறது.

ஜெர்மனியில் குழந்தை இருக்கிற வீடுகளில் இது காகித விளக்கு செய்கிற மாதம். நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். குளிரில் நடுங்கிய ஓர் ஏழைக்குத் தன் போர்வையை வாளால் பாதியாக வெட்டிக் கொடுத்த ரோமானியப் படைவீரர் அவர். பிற்பாடு பிரான்சில் தூர் நகரத்தின் பிஷப். 397ஆம் ஆண்டு அவரை அடக்கம் செய்த நாள் இது. அதையொட்டிப் பொழுது சாய்ந்ததும் பிள்ளைகள் விளக்கைக் கோலில் தொங்கவிட்டுக்கொண்டு பாடியபடி தெருவில் போவார்கள். முன்னால் சிவப்புப் போர்வையோடு ஒருவர் குதிரையில் வருவார். எங்கள் ரைன் கரைப் பக்கத்தில், ஆள் உருவத்தில் சுட்ட இனிப்பு ரொட்டியும் கிடைக்கும்.

விளக்கு செய்வது எளிது. வட்டமான சீஸ் கட்டி வருகிற அட்டைப்பெட்டியை எறியாமல் வைத்திருப்போம். அதன் அடித்தட்டுதான் விளக்கின் அடி. மூடியின் நடுவட்டத்தை வெட்டியெடுத்தால் மேல்வளையம் கிடைத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பட்டர் பேப்பரைச் சுற்றி ஒட்டி, கம்பி கோத்துவிட்டால் முடிந்தது. உனக்கு மிட்டாய்க் கடை அட்டைப்பெட்டி போதும், சதுரமாக இருந்தாலும் பரவாயில்லை. கார்த்திகை வருகிறதே, மாவலி சுற்றத் தம்பிக்கு வயது பத்தாது. இதைப் பிடித்துக்கொண்டு வாசலில் நடக்கட்டும். உள்ளே அகல் மட்டும் வைத்துவிடாதே. சின்ன பேட்டரி விளக்கு போதும், இங்கேயும் இப்போது பெரும்பாலும் அதுதான்.

வெட்டுவதும் சுற்றுவதும் நம் வேலை. பிள்ளையின் வேலை அதற்கு முன்னால், தாள் மேசையில் விரிந்து கிடக்கும்போது. இரண்டு வயதுக் கைக்குக் கத்தரிக்கோல் பிடிபடாது. ஆனால் கிழிக்க வரும். பட்டம் செய்கிற வண்ணத்தாளை நீ ஓரத்தில் கொஞ்சம் கீறிக் கொடு. ஒரு கை இழுக்க, மறு கை எதிர்ப்பக்கம் பிடிக்க, அது நீளமாகக் கிழியும்போது எழும் சத்தத்துக்கே பாப்பா சிரிக்கிறாள். கிழித்ததை மைதாப் பசையில் ஒட்ட வேண்டும். இங்கே சுவர்த்தாள் ஒட்டும் பசைப்பொடியைக் கரைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. வாய்க்குப் போனாலும் பயமில்லை என்பதால் நான் மைதாவைத்தான் காய்ச்சுகிறேன். எல்லாத் துண்டையும் ஒரே மூலையில் ஒட்டினால் ஒட்டட்டும், நீ நகர்த்தி வைக்காதே. நரி, ஆந்தை, முள்ளெலி என்று அச்சு அசலாக வெட்டி ஒட்டும் பெற்றோரை இங்கே நிறையப் பார்க்கிறேன். விளக்கு கண்ணைப் பறிக்கும், பிள்ளை மேசைக்கு அடியில் வேறு ஏதோ செய்துகொண்டிருக்கும். எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை.

இத்தனைக்கும் இதே மண்ணில்தான் ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல் இருந்தார். துரிங்கியாவில் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் 1837இல் விளையாட்டுப் பொருள்களைத் தாமே வடிவமைத்துச் செய்யத் தொடங்கியவர். 1840இல் கிண்டர்கார்ட்டன் என்று பெயர் வைத்தவரும் அவரே. சிறு குழந்தைக்கு அவர் முதலில் கொடுத்தது, நூலில் தொங்கும் கம்பளிப் பந்து. ஆறு நிறத்தில் ஆறு பந்து. ஆட்டலாம், ஒளிக்கலாம், உள்ளங்கையில் பொத்தலாம். பழைய ஸ்வெட்டர் நூலைச் சுற்றி நானும் செய்திருக்கிறேன். இப்படிப் பந்தையும் மரக்கட்டையையும் குழந்தை கையில் கொடுத்தவரின் பள்ளிகளை, நாத்திகம் பரப்புவதாகச் சொல்லி 1851இல் பிரஷ்ய அரசு தடை செய்தது. மறு ஆண்டே அவர் இறந்துபோனார். தடை விலகியது 1860இல். எனக்கு அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

தெருவில் உதிர்ந்தது என்றேனே, அது குதிரைக் கஷ்கொட்டை. தின்ன ஆகாத காய், ஆனால் பளபளவென்று அவ்வளவு அழகு. பெரிய பிள்ளைகள் அதில் தீக்குச்சி செருகி மனிதர்களும் குதிரைகளும் செய்வார்கள். பாப்பாவுக்கு, பெரிய காய்களாகப் பொறுக்கி வந்து, ஒரு வாளியிலிருந்து இன்னொரு வாளிக்குக் கரண்டியால் அள்ளிப் போடுவதே பெரிய வேலை. நம் ஊரில் இதற்குப் பனங்கொட்டையும் கொட்டாங்குச்சியும் நல்லது. புளியங்கொட்டை வேண்டாம், தொண்டையில் சிக்கும். குன்றிமணியைக் கண்ணிலேயே காட்டாதே, அது விஷம். மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓர் உருளை வைத்திருக்கிறார்கள். அதற்குள் முழுசாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. வீட்டில் டாய்லெட் பேப்பர் சுருளின் உள்ளட்டையை வைத்துப் பார்த்துக்கொள். அது அந்த உருளையைவிட அகலம், அதனால் இன்னும் பத்திரம்.

மாவு பிசைவது உனக்குத் தெரிந்ததுதான். இங்கே இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு உப்பு, ஒரு பங்கு தண்ணீர் என்று பிசைந்து, கை அச்சுப் பதித்துக் காயவைப்பார்கள். அவ்வளவு உப்பு குழந்தை வயிற்றுக்குள் போகக் கூடாது. சும்மா உருட்டி விளையாடச் சப்பாத்தி மாவே போதும்.

பாப்பா திரும்பத் திரும்பக் கேட்பது மஞ்சள் தாளைத்தான். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்குமே, அதே சங்கதி. காபி வடிகட்டும் தாளை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துவிடு. சமையல் சோடாவை ஒரு கிண்ணம் தண்ணீரில் கலக்கி, பஞ்சை அதில் தொட்டுத் தம்பி கையில் கொடு. அவன் தொட்ட இடமெல்லாம் செம்பழுப்பாக எழும். அதன் மேல் எலுமிச்சைச் சாறு சொட்டினால் மறுபடி மஞ்சள். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் காரத்தில் சிவந்து, புளிப்பில் பழைய நிறத்துக்குத் திரும்புகிறது. அவனுக்கு அந்த விவரம் எதுவும் வேண்டாம், "இன்னும்" என்பான். சுண்ணாம்பை மட்டும் எடுக்காதே, கண்ணில் பட்டால் புண்ணாகிவிடும். சட்டையில் கறை பட்டால் துவைத்து நல்ல வெயிலில் போடு, மஞ்சள் வெளுத்துவிடும். இங்கே இந்த மாதத்தில் அந்த வெயில் இல்லாததால், பாப்பாவுக்கு என் பழைய குர்தாவை மாட்டித்தான் உட்காரவைக்கிறேன்.

அன்புடன்,
அக்கா